துண்டுச் சீட்டும் கஃபாலாவும்: கடல் கடந்த உழைப்பில் கடன் யார் தலையில்?

சென்ற ஆண்டு ஷஃபான் மாத இறுதியில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து வகுப்பறைக்குத் திரும்பியபோது வாசலில் இரு இளைஞர்கள் நமக்காகக் காத்திருந்தனர். ஒருவர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர். மற்றவர் பிள்ளையார்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்யும் குடும்பத்துப் பிள்ளை.

"ஹஜ்ரத், இவன் சவூதிக்குப் போறான். அரபியில ஒரு தாள் குடுத்திருக்காங்க. கையெழுத்துப் போடறதுக்கு முந்தி நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லணும்" என்றார் நம் மஹல்லா இளைஞர்.

அது ஒரு வேலை ஒப்பந்தம். வலப்புறம் அரபி, இடப்புறம் ஆங்கிலம். ஆங்கிலப் பத்தியில் 'தையல் இயந்திரப் பணியாளர்' என்று இருந்தது. அரபிப் பத்தியில் அதே இடத்தில் 'ஆமில் மன்ஸிலீ' என்று இருந்தது. வீட்டு வேலையாள் என்பது அதன் பொருள். தாளின் அடியில், இரு வாசகங்களும் முரண்பட்டால் அரபி வாசகமே செல்லும் என்ற வரியும் தவறாமல் இடம்பெற்றிருந்தது.

சொல் மாறினால் என்ன, சம்பளம் ஒன்றுதானே என்று அவ்விளைஞர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சவூதி அரேபியா 2021 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய தொழிலாளர் சீர்திருத்தத்தின்படி, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு முதலாளியின் இசைவின்றியே வேறு முதலாளியிடம் மாறவும், நாட்டைவிட்டு வெளியேறித் திரும்பவும் தொழிலாளிக்கு வழி பிறந்தது. வீட்டு வேலையாட்களும் வீட்டுக் காரோட்டிகளும் தோட்டக்காரர்களும் ஆடு மேய்ப்பவர்களும் அச்சீர்திருத்தத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். ஆக, அந்த இரண்டு அரபிச் சொற்கள் அவரை ஒரு சட்டத்தின் நிழலிலிருந்து அப்படியே எடுத்து வெயிலில் வைத்துவிடக்கூடியவை.

முன்பணம் கட்டியாயிற்றா என்று கேட்டோம். கட்டியாயிற்றாம். பணம் ஏது என்று கேட்டபோது சற்றுத் தயங்கிவிட்டு, "அப்பா நெய்யற முதலாளிகிட்டதான் அய்யா, முன்பணத்த ஏத்திக் கேட்டு வாங்கினோம்" என்றார். அந்தப் பதில்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

காஞ்சிபுரத்தின் தறிவீடுகளை அறிந்தவர்க்கு அப்பதிலின் கனம் புரியும். பட்டுநூலும் சரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி, நெசவாளிக்கு ஒரு தொகையை முன்பணமாகத் தருவார். கலியாணம், நோய், வீட்டுக்கூரை என்று அத்தொகை ஏறுமேயன்றி இறங்குவது அரிது. அது தீராமல் வேறொருவருக்கு நெய்யப் போக முடியாது. போவதென்றால் புதிய முதலாளி பழையவரின் கணக்கைத் தீர்க்க வேண்டும். அப்போதும் கடன் ஒழிவதில்லை, கைமாறுகிறது. கோர்வைக்கு உதவ அமர்ந்த பிள்ளைகள்கூட இம்முன்பணத்திற்கு ஈடாக வைக்கப்பட்டிருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்த பின்னரும், காஞ்சிப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் கடனுக்குக் கட்டுண்டிருந்ததை 2003இல் ஒரு பன்னாட்டு மனித உரிமை அமைப்பு விரிவாகப் பதிவு செய்தது. கூட்டுறவுச் சங்கங்களாலும் பள்ளிக்கூடங்களாலும் தொண்டர்களின் உழைப்பாலும் அந்நிலை பெரிதும் மாறியிருக்கிறது. முன்பணம் என்ற கயிறு மட்டும் அறுந்தபாடில்லை.

ஆக, மகன் சவூதிக்குச் செல்வதற்காகத் தந்தை தறிக்குழியோடு இன்னும் இறுகக் கட்டப்படுகிறார். மகனோ அங்கே ஒரு கஃபீலோடு கட்டப்படப் போகிறார். ஒரே கடனின் இரு முனைகள் இவை.

குடிபெயர்வைப் பற்றி நம் மேடைகளில் பேச்செடுத்தால் உடனே ஹிஜ்ரத்தை இழுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. ஈமானைக் காக்க ஊரைத் துறந்ததும், குடும்பத்தைக் காக்கக் கடலைக் கடப்பதும் ஒன்றல்ல. பின்னதற்குரிய சட்டங்களைத் தேடுவோர் ஃபிக்ஹு நூல்களில் இஜாரா, கஃபாலா ஆகிய அத்தியாயங்களைத்தான் புரட்ட வேண்டும். புரட்டினால் சிறு அதிர்ச்சி காத்திருக்கிறது.

'கஃபல' என்ற வினைக்குப் பொறுப்பேற்றல், பராமரித்தல் என்பன பொருள். ஆல இம்ரான் அத்தியாயத்தில் மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களை ஸக்கரிய்யா அலைஹிஸ்ஸலாம் பொறுப்பேற்று வளர்த்த செய்தி இவ்வினையாலேயே சொல்லப்படுகிறது. அநாதையைப் பராமரிப்பவருக்கு ஹதீஸில் வழங்கும் பெயர் 'காஃபில்'. ஃபிக்ஹுக் கலைச்சொல்லாக வரும்போது, ஒருவருடைய பொறுப்போடு தன் பொறுப்பையும் இணைத்துக்கொள்வது கஃபாலா ஆகிறது. ஹனஃபீ மாணவர் ஓதும் ஹிதாயாவில் 'கிதாபுல் கஃபாலா' எனத் தனிப் பகுதியே உண்டு. ஷாஃபிஈ நூல்கள் பெரும்பாலும் 'ளமான்' என்ற தலைப்பின்கீழ் இதனைப் பேசி, கஃபாலா என்ற சொல்லை ஆளுக்கான பிணைக்குச் சிறப்பாக ஒதுக்குகின்றன. எந்த மத்ஹபாயினும், சுமை ஏறுவது கஃபீலின் தோளில்தான். கடன்பட்டவன் கொடுக்காவிடில் கஃபீல் கொடுக்க வேண்டும். குறித்த நாளில் ஆள் வராவிடில் கஃபீல் கொண்டுவர வேண்டும். பிணைக்கப்பட்டவனுடைய உழைப்பின் மீதோ சம்பாத்தியத்தின் மீதோ கஃபீலுக்கு எந்த உரிமையும் பிறப்பதில்லை.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. கஃபாலா ஒரு 'தபர்ருஉ', அதாவது கைம்மாறு கருதாது செய்யும் உபகாரம் என்பதால், பிணை நின்றமைக்காகக் கூலி வாங்குவது ஆகாது என்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹு அகாதமி 1985 திசம்பரில் ஜித்தாவில் கூடியபோது, வங்கிகள் வழங்கும் பிணைக் கடிதங்களைப் பற்றிய தீர்மானத்தில் இதே அடிப்படையை உறுதி செய்தது: நிர்வாகச் செலவை வாங்கலாம், பிணைக்கென்று விலை வாங்கலாகாது. சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழுவும் விசாவை விற்பதும், தன் பெயரில் வந்த தொழிலாளியிடம் மாதந்தோறும் பணம் பிடிப்பதும் கூடாதென்றே தீர்ப்பளித்துள்ளது. இவ்வளவும் தெளிவாக இருக்க, 'ஃப்ரீ விசா' என்ற பெயரில் நம் ஊர்களில் இலட்சக்கணக்கில் விலை பேசப்படுவது எது? கஃபீல் ஒருவர் தம் பெயரை விற்கிறார். இடையில் நால்வர் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றனர். கடைசியில் வாங்குபவர் கடனாளியாகிறார். சுமப்பவன் என்று பொருள்தரும் சொல், சுமத்துபவனுக்குப் பெயராகிவிட்டது.

இச்சொல் எவ்வாறு இப்படித் தலைகீழானது? ஷரீஅத்தின் சொல்லைச் சூட்டிக்கொண்டிருப்பதால் இது அரபுகளின் தொன்மையான வழக்கம் என்று எண்ணுவோர் பலர். வளைகுடாவைச் சேர்ந்த ஆய்வாளர் உமர் அஷ்ஷிஹாபி 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை வேறு கதை சொல்கிறது. பிரிட்டிஷ் ஆதிக்கத்திலிருந்த பஹ்ரைனில் 1920களில், முத்துக்குளிக்க வெளியிலிருந்து வந்த தொழிலாளரைக் கட்டுப்படுத்த ஆங்கிலேய நிர்வாகம் வகுத்த ஏற்பாட்டிலேயே இன்றைய கஃபாலா முறையின் வேர் இருக்கிறது என்பது அவர் வாதம். அயல்நாட்டார் ஒவ்வொருவருக்கும் உள்ளூரில் ஒருவர் பொறுப்பு. அதிகாரிகளுக்கோ கண்காணிக்கும் செலவு மிச்சம்.

முத்துக்குளிப்பில் அதற்கு முன்பே ஒரு கடன் முறை இருந்தது. பருவம் தொடங்குமுன் நாகுதா, அதாவது கப்பல் தலைவர், மூழ்குபவருக்கு முன்பணம் தருவார். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும். வேறு நாகுதாவிடம் போக வேண்டுமானால் இன்ன தொகை பாக்கி என்று எழுதிய 'பர்வா' எனும் தாள் வேண்டும். மன்னார்க் குடாவில் தலைமுறைகளாக முத்துக்குளித்த நம் கடற்கரையாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. காஞ்சித் தறியோட்டிக்கும் தேவையில்லை.

இதே காலத்தில், இதே பேரரசின் மற்றொரு மூலையில், நம் தமிழ்த் தொழிலாளரின் கையிலும் ஒரு தாள் இருந்தது. அதற்குப் பெயர் 'துண்டு'.

தமிழகத்து மண்ணிலிருந்து கூலியாட்கள் கப்பலேறிய வரலாறு நீண்டது. 1834இல் மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிமுறை தொடங்கிற்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட முதற் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அவ்வாறு நேட்டாலுக்குச் சென்றோரில் காஞ்சியை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தாரும் வடஆர்க்காட்டாரும் மிகுதி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கோ ஒப்பந்தம்கூடக் கிடையாது; கங்காணிதான் எல்லாம். ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பவரும் வழிச்செலவுக்கு முன்பணம் தருபவரும் தோட்டத்தில் மேற்பார்ப்பவரும் அவரே. தோட்டத்தில் கால்வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. அக்கடனைத் தீர்த்தால் இவரை விடுவிக்கிறோம் என்று தோட்டத்தார் எழுதித் தரும் சீட்டுதான் துண்டு. அது இன்றி மற்றொரு தோட்டம் அவரைச் சேர்க்காது. நம் காலத்து வளைகுடாவில் 'தடையில்லாச் சான்று' என்று எதைச் சொன்னார்களோ, அதன் மூத்த சகோதரன் இது.

இதனை நேரில் சென்று ஆராயச் சென்னை அரசாங்கம் இருவரை அனுப்பியது. ஒருவர் மார்ஜோரிபாங்க்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. மற்றவர் அஹ்மது தம்பி மரைக்காயர். இலங்கைக்கும் மலாயாவுக்கும் குடிபெயரும் இந்தியத் தொழிலாளர் குறித்த இவர்களது அறிக்கை 1917இல் சென்னையில் அச்சாயிற்று. குடிபெயர்வு ஆய்வின் வரலாற்றை எழுதுவோர் ஒரு தமிழ் முஸ்லிமின் பெயர் அதில் முன்வரிசையில் இருப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நாமும் கவனித்ததில்லை என்பதுதான் வருத்தம்.

அவ்விரு நாடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். மலாயாவில் 1907 முதல் ஒரு குடிவரவு நிதி இயங்கிவந்தது. தோட்ட முதலாளிகள் தாம் வேலை வாங்கும் ஆட்களின் அளவுக்கேற்ப அந்நிதிக்கு வரி செலுத்துவர். அதிலிருந்து தமிழ்த் தொழிலாளரின் கப்பல் செலவு கொடுக்கப்படும். ஆகவே அந்நிதியின் உதவியால் வந்து இறங்கியவர் கடனின்றி இறங்கினார். இலங்கையிலோ கடனே அவரைக் கொண்டுவந்தது. கடனே அவரைக் கட்டிவைத்தது. அறிக்கை வெளிவந்து சில ஆண்டுகளில், 1921இல், இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1923இல் அங்கும் முதலாளிகள் பணம் செலுத்தும் நிதி ஏற்பட்டது. இடையில் 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. உடலுழைப்புத் தொழிலாளரை அரசு ஒப்பிய நாடுகளுக்கு, ஒப்பிய நிபந்தனைகளின் பேரில் மட்டுமே அனுப்பலாம் என்றது. இந்திய அரசின் முகவர்கள் இலங்கையிலும் மலாயாவிலும் அமர்த்தப்பட்டனர். 1927இல் இலங்கைத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி சட்டமாயிற்று.

இதைச் சொல்வதால் ஆங்கிலேயர் ஆட்சியைப் புகழ்வதாகக் கருத வேண்டாம். கூலி அற்பமானது, லயன் அறைகள் இருண்டவை, கங்காணியின் பிடி சட்டத்தைக் கடந்தும் நீடித்தது. ஆனாலும் ஓர் ஆய்வு நடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்பும் நாடு பேரம் பேசியது. பெறும் நாடு சட்டத்தை மாற்றியது. பேரத்தின் பின்னே ஒரு வலுவும் இருந்தது. 1938இல் மலாயாத் தோட்டக்காரர்கள் கூலியைக் குறைத்தபோது, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வையே இந்திய அரசு நிறுத்திவிட்டது.

இனி நம் காலத்திற்கு வருவோம். குடிபெயர்வும் வளர்ச்சியும் என்ற தொடர் இன்று உலக அரங்கில் ஒரு தனித் துறையாகிவிட்டது. ஆள் அனுப்பும் ஆசிய நாடுகள் 2003இல் கொழும்பில் கூடித் தொடங்கியது கொழும்புச் செயல்முறை. பெறும் நாடுகளையும் சேர்த்துக்கொண்டு 2008இல் எழுந்தது அபுதாபி உரையாடல். குடிபெயர்வு, வளர்ச்சி குறித்த உலக மன்றம் 2007இல் பிரசல்சில் முதலில் கூடி, பின்னர் மணிலா, போர்ட் லூயி, டாக்கா எனப் பல நகரங்களில் கூடியது. 2018 திசம்பரில் மராக்கேஷ் நகரில் குடிபெயர்வுக்கான உலக உடன்படிக்கை ஏற்கப்பட்டது, ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் அதனை ஆதரித்தன, அவற்றுள் இந்தியாவும் ஒன்று. ஆனால் அவ்வுடன்படிக்கை எவரையும் சட்டத்தால் கட்டாது. கட்டக்கூடியது ஒன்று உண்டு: புலம்பெயர் தொழிலாளர், அவர்தம் குடும்பத்தினர் அனைவரின் உரிமைகளைக் காக்கும் 1990ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம். பிலிப்பைன்சும் இலங்கையும் பங்களாதேசமும் அதனை ஏற்றுறுதி செய்துள்ளன. வளைகுடா நாடுகள் செய்யவில்லை, மேலை நாடுகளும் செய்யவில்லை, நம் நாடும் செய்யவில்லை. ஆள் பெறுவோர் கையொப்பமிடாத ஒப்பந்தம், பெண்வீட்டார் மட்டும் வந்து நிற்கும் நிக்காஹ் சபை போன்றது.

பேச்சு மிகுதி, பலன் சொற்பம் என்று இவற்றையெல்லாம் தள்ளிவிடவும் நமக்கு மனமில்லை. ஏனெனில் இம்மன்றங்களை ஒட்டி நடந்த ஆய்வுகள்தாம் அந்தப் பழைய கேள்வியை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்தன: கடல் கடக்கும் செலவு யாருடையது? உலக வங்கியின் முன்முயற்சியில் 2013இல் உருவான குடிபெயர்வு அறிவுக் கூட்டமைப்பும் சர்வதேச தொழிலாளர் நிறுவனமும் இணைந்து, வளைகுடா முதலிய இடங்களுக்குச் சென்ற தொழிலாளரிடம் அவர்கள் எவ்வளவு செலவழித்தனர் என்று நேரில் கேட்டுக் கணக்கெடுத்தன. குறைந்த சம்பளக்காரரே தம் வருவாயின் பெரும்பங்கை இதற்குக் கொடுக்கிறார் என்பதும், செலவில் பெரும்பகுதி விசாவுக்கும் இடைத்தரகருக்குமே போகிறது என்பதும் அவற்றால் எண்ணிக்கையோடு நிறுவப்பட்டன. இன்று ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், தொழிலாளி செலுத்தும் ஆட்சேர்ப்புச் செலவு அவரது மாத வருவாயில் எத்தனை பங்கு என்பதே ஓர் அளவுகோல். சர்வதேச தொழிலாளர் நிறுவனம் 1997இல் நிறைவேற்றிய 181ஆம் ஒப்பந்தம், தனியார் முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாகாது என்ற விதியை வகுத்துள்ளது. 'முதலாளியே செலுத்துக' என்று இன்று புதிய கோட்பாடாகப் பேசப்படுவது, 1907இல் மலாயாவின் நிதி செய்த வேலைதான். ஃபிக்ஹின் மொழியில் சொன்னால், கஃபீல் மீண்டும் சுமப்பவனாக வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமோ இடைநிலையில் நிற்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் வாங்கலாம் என்பது விதி. நடைமுறையில் நம்மிடம் தாள் கொண்டுவருவோர் எவரும் இத்தொகையைச் சொன்னதில்லை, கேட்டால் சிரிக்கிறார்கள். அச்சட்டத்தை மாற்ற 2019, 2021ஆம் ஆண்டுகளிலும் பின்னர் 2025லும் வரைவுகள் வெளியாயின. ஒப்பந்தக் கூலிகளின் காலத்தில் தோன்றிய 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்ற பதவி சென்னையில் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் பாதுகாப்பது யாரை? கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு உள்ளவர், சவூதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது அவ்வலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். அவர்களுக்குக் காப்பீடும் கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய் செலுத்தினால் விபத்து மரணத்திற்கு 10 இலட்சம். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கோ அந்த அனுமதியே தேவையில்லை. நம் பிள்ளையார்பாளையத்து இளைஞர் பத்தாம் வகுப்புத் தேறியவர். படித்ததனால் அரசின் பதிவேட்டிலிருந்து நழுவிப்போனார்.

இதனால்தான் வீடுவீடாகச் சென்று எடுக்கும் ஆய்வு இன்றியமையாததாகிறது. அனுமதிச் சீட்டுகளை எண்ணினால் குடிபெயர்வோர் அனைவரும் எண்ணப்பட மாட்டார். கேரளத்தவர் இதை முன்பே உணர்ந்து, 1998இல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் மூலம் தொடங்கித் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்து வருகின்றனர். 2023 வரை அது தொடர்ந்திருக்கிறது. தமிழகத்தில் அத்தகைய ஆய்வு 2015இல் நடந்தது. இருதயராஜன், பெர்னார்ட் டி சாமி, சாமுவேல் ஆசீர்ராஜ் ஆகியோர் முன்னின்று, 20,000 வீடுகளில் விசாரித்து, சுமார் 22 இலட்சம் தமிழர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டனர். நாடுகளின் வரிசையில் முதலிடம் சிங்கப்பூருக்கு. அமீரகமும் சவூதியும் அடுத்தடுத்து நின்றன. பணத்தின் கணக்கு நமக்குத் தெரிந்ததே: 2024இல் இந்தியாவுக்கு வந்த பணம் ஏறத்தாழ 129 பில்லியன் டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு, 2023-24இல் அவ்வாறு வந்ததில் பத்தில் ஒரு பங்கு தமிழகத்திற்கு என்பது ரிசர்வ் வங்கியின் ஆய்வு. வந்த பணத்தை எண்ணப் பலர் உளர். போவதற்காக வாங்கிய கடனை எண்ணத்தான் ஆளில்லை. அதை எண்ணாத வளர்ச்சிக் கணக்கு, வரவை மட்டும் எழுதிய பேரேடு.

எண்கள் இருந்தாலும் மனம் வேண்டும் என்பதற்கு அண்மைய நிகழ்ச்சி ஒன்று சான்று. வளைகுடா செல்லும் இந்தியருக்குக் குறைந்தது இவ்வளவு சம்பளம் என்று நம் அரசே ஒரு தொகையைப் பரிந்துரைப்பதுண்டு. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், வேலைகள் பிறநாட்டாருக்குப் போய்விடக் கூடாது என்ற காரணங்காட்டி, அத்தொகை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கப்பட்டது. தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2021 சூலையில் பழைய தொகை மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1938இல் தோட்டக்காரர் கூலியைக் குறைத்தபோது கதவடைத்த அரசு அந்நிய அரசு. இதை எண்ணிப் பார்க்கையில் வெட்கம் மேலிடுகிறது.

பெறும் நாடுகளிலும் அசைவு இல்லாமலில்லை. அமீரகம் 2009இல் சம்பளத்தை வங்கி வழியே செலுத்திக் கண்காணிக்கும் முறையைக் கொணர்ந்தது. கத்தர் 2020இல் தடையில்லாச் சான்றை நீக்கி, எந்நாட்டவராயினும் மாதம் குறைந்தது 1,000 ரியால் என்று சட்டமியற்றியது. இவை செம்மையாக நடைபெறுகின்றனவா என்பது வேறு விசாரணை. சட்டம் மாறிய பின்னும் கடன் தீரும்வரை தொழிலாளி அசைய மாட்டார் என்பதையே துண்டின் வரலாறு காட்டுகிறது. சீட்டு கிழிந்தாலும் கடன் நின்றால், கட்டும் நிற்கும்.

வளைகுடாவைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு எந்த அளவு உண்டு என்பதையும் காஞ்சியில் இருப்போர் யோசிக்க வேண்டும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகள் பெருகிய பின் நம் மாவட்டம் ஆள் அனுப்பும் ஊர் மட்டுமன்று, ஆள் பெறும் ஊருமாகிவிட்டது. தமிழக அரசு சுமார் பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த கணக்கில், மாநிலத்திலிருந்த 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிமாநிலத் தொழிலாளரில் ஐந்தில் ஒருவர், இன்னும் பிரிக்கப்படாதிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தனர். ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசல் வரிசையில் பீகாரையும் அஸ்ஸாமையும் சேர்ந்த இளைஞர்கள் தோளோடு தோள் நிற்கின்றனர். தொழுகை முடிந்ததும் அவர்களை அழைத்துப் போக ஒப்பந்ததாரரின் வேன் நிற்கிறது. அவர்களுடைய சம்பளத்தில் ரயில் கட்டணத்தையும் அறை வாடகையையும் பிடித்துக்கொள்ளும் அந்த ஒப்பந்ததாரரை என்ன பெயரால் அழைப்பது? வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979இல் ஒரு சட்டம் வந்தது. பின் 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்தில் அது கரைந்தது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பீகார் அரசு அதிகாரிகளை இங்கு அனுப்பி விசாரித்தது. 1917இல் நாம் இலங்கைக்கு ஆள் அனுப்பி விசாரித்தோம். இப்போது நம்மை விசாரிக்க ஆள் வருகிறது. வியர்வை உலருமுன் கூலி என்ற நபிமொழியை நாம் ரியாதை நோக்கியே ஓதிப் பழகிவிட்டோம்.

அரபிக் கல்லூரிகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பெரிதாக ஒன்றுமில்லை. கிதாபுல் கஃபாலாவை ஓதிக்கொடுக்கும் நாளில், மேசைமீது ஓர் உண்மையான ஒப்பந்தத் தாளையும் வைத்துப் படிக்கச் சொல்லலாம். நாம் அவ்வாறு செய்து பார்த்தோம். ஏழாண்டு அரபி பயின்ற மாணவர்கள் 'ஆமில் மன்ஸிலீ' என்பதை உடனே மொழிபெயர்த்துவிட்டார்கள். அதனால் என்ன கெடும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் மூத்த மாணவர் இருவர் அமர்ந்து, யார் கொண்டுவந்தாலும் ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கின்றனர். கட்டணம் இல்லை. தேநீர் நம்முடையது.

அந்த இளைஞர் முதல் தாளில் கையெழுத்திடவில்லை. கட்டிய பணத்தில் பாதியே திரும்பியது. அதற்கும் பல மாதங்கள் அலைந்தார். இடையில் ஒரகடத்தில் ஓர் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக நின்றார். பின் வேறொரு முகவர் மூலம் வந்த தாளை எடுத்துவந்தார். இம்முறை அரபியிலும் 'கய்யாத்' என்றே இருந்தது, தையற்காரர்தான். படித்துச் சொன்னோம். புறப்படுமுன், வேலை மாறுவதற்கு அரபியில் என்ன சொல்வார்கள், அதைப் பார்த்தால் அடையாளம் தெரியும்படி எழுதித் தாருங்கள் என்றார். மக்கள் 'நக்லுல் கஃபாலா' என்பார்கள். அரசுத் தாள்களில் இப்போது 'நக்லுல் கதமாத்', சேவை மாற்றம், என்று இருக்கும் என இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். தாளை நான்காக மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார். அப்பாவின் முன்பணம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டோம். முதல் தாளுக்கு வாங்கியதும் சேர்ந்தே நிற்கிறது என்றார்.